வாவ்ர் சாலையில் மார்ஷல் க்ரூஷி: 1815 ஜூன் 17, 18 – ஒரு நிகழ்வு ஆய்வு

1815-இல் பிரஷ்யர்களைத் துரத்த அனுப்பப்பட்ட நெப்போலியனின் மார்ஷல் எமானுவேல் தெ க்ரூஷி மீது இருநூறு ஆண்டுகளாகச் சுமத்தப்படும் குற்றம் ஒரே வரியில் அடங்கிவிடும்: வாட்டர்லூவில் பீரங்கி முழங்கியது காதில் விழுந்தும் அவர் படையை அந்தப் பக்கம் திருப்பவில்லை, அதனால் நெப்போலியன் தோற்றார். இந்தக் குற்றச்சாட்டு தவறான மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜூன் 18 நண்பகலில் அவர் எடுத்த முடிவைத் தூரத்தையும் சேற்றையும் வைத்துக் கணக்குப் பார்த்தால், வேறு முடிவு எடுத்திருந்தாலும் அன்றைய விளைவு பெரிதாக மாறியிருக்காது. அவர் கோட்டை விட்டது முந்தைய நாள் மாலையிலும் அன்றைய விடியலிலும். அதுவும் முப்பது ஆண்டுகளாகக் கைப்பழக்கமாகிவிட்ட குதிரைப்படை வேலையில்.

முதலில் மனிதர். க்ரூஷி 1766 அக்டோபர் 23 அன்று பாரிஸில் பழைய பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பதின்பருவத்தில் ஸ்ட்ராஸ்பூர் பீரங்கிப் பள்ளி, பிறகு குதிரைப்படை, அதன்பின் அரசரின் மெய்க்காவல் படை. புரட்சி வெடித்தபோது பிரபுக்கள் பலர் நாட்டைவிட்டு ஓடினார்கள். இவர் புரட்சியின் பக்கம் நின்றார். இவருடைய அக்கா சோஃபி, தத்துவ அறிஞர் கோந்தோர்சேயின் மனைவி. 1792-இல் டிராகூன் (குதிரைப்படையின் ஒரு வகை) ரெஜிமென்ட் ஒன்றின் கர்னல், அதே ஆண்டிலேயே ஜெனரல். 1793-இல் பிரபு வம்சத்தார் என்பதற்காகவே பதவி பறிபோனது. பயங்கர ஆட்சி ஓய்ந்த பிறகு திரும்பக் கிடைத்தது.

1796 டிசம்பரில் அயர்லாந்துப் படையெடுப்பு. ஏறத்தாழ 15,000 வீரர்களோடு பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கடற்படை புயலில் சிதறியது. தலைமைத் தளபதி ஓஷ் ஏறிய கப்பல் எங்கோ விலகிப் போய்விட, பான்ட்ரி விரிகுடாவை எட்டிய 6,500 பேர் அளவிலான படைக்கு இரண்டாம் நிலையில் இருந்த க்ரூஷி பொறுப்பேற்றார். இருக்கிற ஆட்களோடு கரையிறங்கலாம் என்றே 24-ஆம் தேதி முடிவு செய்தார். மறுநாள் புயல் மேலும் வலுத்தது. கடற்படைத் தளபதி பூவே நங்கூரக் கயிற்றை வெட்டச் சொன்னார். க்ரூஷி ஏறியிருந்த கப்பலே விரிகுடாவைவிட்டு வெளியேறியது. இந்தத் தோல்வியையும் அவர் தயக்கத்தின் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு. அது நியாயமில்லை.

1799 ஆகஸ்ட் 15-இல் இத்தாலியின் நோவியில், பின்வாங்கும் படைக்குக் காவலாக நின்று பல வெட்டுக் காயங்களோடு சிறைப்பட்டார். விடுதலையானதும் 1800 டிசம்பரில் ஹோகன்லிண்டனில் காலாட்படை டிவிஷன் ஒன்றை நடத்தினார். 1807 பிப்ரவரியில் எய்லாவில் குதிரை சுடப்பட்டு விழுந்தவரைக் காப்பாற்றியவர் உதவியாளர் ஜார்ஜ் லஃபாயெத். அமெரிக்க விடுதலைப் போரில் பெயர் பெற்ற லஃபாயெத்தின் மகன். அதே ஆண்டு ஜூன் 14-இல் ஃப்ரீட்லாண்ட். நெப்போலியன் வந்து சேரும்வரை மார்ஷல் லான் சிறு படையோடு ரஷ்யப் பெரும்படையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. இடது பக்கத்தில் ஹைன்ரிக்ஸ்டார்ஃப் கிராமத்தை ஒட்டிக் குதிரைப்படையை முன்னும் பின்னுமாக நகர்த்தி, எதிரியின் பெரிய குதிரைப்படையைப் பல மணி நேரம் கட்டிப்போட்டவர் க்ரூஷி. போர்க்களத்தில் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் எதிரி நின்றால், அவருக்கு இணையான குதிரைப்படைத் தளபதிகள் பிரான்சில் மிகச் சிலரே.

1814 பிப்ரவரி 14-இல் நடந்த வோஷாம் போர் இந்த ஆய்வுக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. பிரஷ்யத் தளபதி ப்ளூஷரின் படை சாலை வழியே பின்வாங்கிக்கொண்டிருந்தது. க்ரூஷி தன் குதிரைப்படையோடு வடக்கே வயல்வெளிகளில் சுற்றிப் போய், எத்தோஜ் காட்டுக்கு முன்னால் சாலையை மறித்தார். நெப்போலியன் காலத்துக் குதிரைப்படை வேலையில் இதற்கு மேலான உதாரணம் தேடுவது கடினம். ஆனால் அவருடைய குதிரைப் பீரங்கிகள் சேற்றில் புதைந்து பின்தங்கிவிட்டன. பீரங்கி இல்லாத குதிரைப்படையால் நெருக்கமாகச் சதுரம் கட்டி நிற்கும் காலாட்படையை உடைக்க முடியாது. சில சதுரங்கள் சிதைந்தன. மற்றவை முட்டி மோதி வழி பிளந்து போய்விட்டன. இரண்டு பீரங்கித் தொகுதிகள் கூடவே வந்திருந்தால் ப்ளூஷரே சிறைப்பட்டிருக்கக்கூடும். சேற்றில் பீரங்கி வராது என்பதை அனுபவித்து அறிந்த மனிதர் இவர். அடுத்த ஆண்டு வலேன் கிராமத்தில் இதே பேச்சு மறுபடி எழும்.

1815 ஏப்ரலில் தெற்கு பிரான்சில் அரசர் தரப்பைச் சேர்ந்த அங்கூலேம் கோமகனின் எழுச்சியை அடக்கியதற்காக மார்ஷல் பதவி வந்தது. நெப்போலியன் நியமித்த 26 மார்ஷல்களில் கடைசி ஆள் இவர்தான். ஆனால் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி எல்லாம் சேர்ந்த பெரும்படையைத் தலைவரின் கண் மறைவில் தனியாக நடத்திய பழக்கம் அவருக்கு இல்லை. அவருக்குக் கீழே வைக்கப்பட்ட வாந்தாம், ஜெரார் இருவரும் மூத்த காலாட்படைத் தளபதிகள். ஒரு குதிரைப்படைக்காரருக்குக் கீழ் இருப்பதை இருவருமே விரும்பவில்லை.

ஜூன் 17: கை நழுவிய காலை

16-ஆம் தேதி இரவு சுமார் 9 மணிக்கு, நெப்போலியன் ப்ளூஷரின் பிரஷ்யப் படையைத் தோற்கடித்த லின்யி போர் முடிந்தது. பிரஷ்யர்கள் ஏறத்தாழ 16,000 பேரை இழந்து பின்வாங்கினார்கள். வழக்கமாகத் தோற்ற படை தன் நாட்டுப் பக்கம், அதாவது கிழக்கே நாமூர், லியேஜ் நோக்கிப் போக வேண்டும். ஆனால் ப்ளூஷர் குதிரைக்கு அடியில் சிக்கிக் காயமடைந்து கிடந்த நேரத்தில், தலைமை அலுவலர் க்னைசெனௌ படையை வடக்கே வாவ்ர் பக்கம் போகச் சொன்னார். இந்த ஒரு உத்தரவால்தான் ஆங்கிலேயத் தரப்பின் தளபதி வெலிங்டனுக்கு உதவி போகும் வழி திறந்திருந்தது.

பிரெஞ்சுத் தரப்பில் அன்றிரவு துரத்தல் எதுவும் நடக்கவில்லை. அதிகாலையில் பஜோலின் இலகு குதிரைப்படை நாமூர் சாலையில் கிழக்கே போய், மாஸி அருகே சில பீரங்கிகளையும் வண்டிகளையும் பிடித்தது. அது பிரஷ்யப் படையின் முதுகெலும்பல்ல. வழி தவறிய சிறு பகுதி. கூடவே, 8,000-க்கும் மேற்பட்ட பிரஷ்ய வீரர்கள் படையைவிட்டு லியேஜ் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே பார்த்தவர்களுக்கு முழுப் படையும் கிழக்கே ஓடுவது போலத் தெரிந்ததற்கு இவர்கள்தான் காரணம். வடக்கே தில்லி, ஜாந்தின் வழியாகப் போன இரண்டு பெரும் பிரிவுகளை அந்தக் காலையில் யாரும் பின்தொடரவில்லை.

நெப்போலியன் காலை முழுவதும் போர்க்களத்தைச் சுற்றிப் பார்த்தார், காயம்பட்டவர்களை விசாரித்தார், பாரிஸ் அரசியல் பேசினார். க்ரூஷிக்கு வாய்மொழி உத்தரவு கிடைக்கவே நண்பகல் நெருங்கிவிட்டது. பிறகு எழுத்தில் ஒன்று வந்தது. படைத் தலைமை அலுவலர் சூல்ட் அருகில் இல்லாததால் பெர்த்ரான் கையால் எழுதப்பட்டது. இந்த வழக்கின் மையச் சான்று இதுதான். அதன் சாரம்:

ஜாம்ப்ளூவுக்குப் போ. நாமூர், மாஸ்ட்ரிக்ட் திசைகளை வேவு பார். எதிரியைத் துரத்து, அவன் என்ன செய்ய நினைக்கிறான் என்று கண்டுபிடி. அவன் ஆங்கிலேயரைவிட்டுப் பிரிகிறானா, அல்லது பிரஸ்ஸல்ஸையோ லியேஜையோ காக்க அவர்களோடு சேர்ந்து இன்னொரு போருக்குத் துணிகிறானா என்று தெரிய வேண்டும். இரண்டு காலாட்படைக் கோர்களையும் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவுகள்) ஒரு லீக் (சுமார் 4 கிலோமீட்டர்) தூரத்துக்குள் சேர்த்தே வைத்திரு. தலைமையகத்தோடு தொடர்புகொள்ள இடைவழியில் குதிரைப்படைக் காவல்களை நிறுத்து.

கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குதிரைப்படைத் தளபதிக்கு எழுதிய உத்தரவில் குதிரைப்படைக்கென்றே தனியாகச் சொல்லப்பட்ட வேலை அது.

அவரிடம் கொடுக்கப்பட்டவை: வாந்தாமின் 3-ஆவது கோர், ஜெராரின் 4-ஆவது கோர், 6-ஆவது கோரிலிருந்து தெஸ்தின் டிவிஷன், எக்செல்மானின் டிராகூன்கள், பஜோலிடம் மிஞ்சியிருந்த இலகு குதிரைப்படை, 4-ஆவது கோரின் குதிரைப்படை. மொத்தம் ஏறத்தாழ 33,000 பேர், 96 பீரங்கிகள். எதிரே ஏறத்தாழ 90,000 பிரஷ்யர்கள். அவர்களில் ப்யூலோவின் கோர் லின்யியில் சண்டையே போடாத புதுப் படை. வேவுக்கு மிகவும் உதவியிருக்கக்கூடிய தோமோன், சூபர்வி ஆகியோரின் குதிரைப்படை டிவிஷன்களை நெப்போலியன் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

பிற்பகலில் பெருமழை தொடங்கியது. லின்யியிலிருந்து ஜாம்ப்ளூ 10, 12 கிலோமீட்டர்தான். வாந்தாம் அங்கே சேர்ந்தபோது மாலை 7 மணி, ஜெரார் சேர்ந்தபோது 9 மணிக்கு மேல். இரண்டு கோர்களையும் ஒரே சாலையில் விட்டதும், தூரத்தில் இருந்த வாந்தாமை முன்னால் அனுப்பிவிட்டு அருகில் இருந்த ஜெராரைக் காத்திருக்க வைத்ததும் தாமதத்துக்கு நேரடிக் காரணங்கள். மழை மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது.

இதைவிடக் கொடுமையான இழப்பு ஒன்று உண்டு. எக்செல்மானின் டிராகூன்கள் காலையிலேயே ஜாம்ப்ளூ அருகே தீல்மானின் பிரஷ்யக் கோர் இளைப்பாறுவதைக் கண்டுவிட்டன. அந்தச் செய்தி உடனே மேலே போகவில்லை, நெருக்கமான கண்காணிப்பும் இல்லை. சுமார் 2 மணிக்கு அந்தக் கோர் எழுந்து வடக்கே நடந்துவிட்டது. பார்த்த எதிரியை விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் முன்னணிக் குதிரைப்படையின் முதல் விதி. அது இங்கே முறிந்தது.

இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை

இரவு 10 மணிக்கு க்ரூஷி நெப்போலியனுக்கு எழுதினார்: பிரஷ்யர்கள் பிரிந்து போவதாகத் தெரிகிறது, ஒரு பகுதி வாவ்ர் பக்கம், இன்னொரு பகுதி பெர்வே பக்கம், பெரும்பகுதி வாவ்ர் நோக்கிப் போனால், அவர்கள் பிரஸ்ஸல்ஸை அடையாதபடியும் வெலிங்டனோடு சேராதபடியும் பின்தொடர்வேன். நோக்கம் அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது என்பதற்கு இந்தக் கடிதமே சான்று. விடியலுக்குள் வந்த தகவல்கள் வாவ்ர், பிரஸ்ஸல்ஸ் திசையை இன்னும் உறுதி செய்தன.

அப்படியிருந்தும் அவர் செய்யாதவை மூன்று.

அதிகாலையில் கிளம்பவில்லை. ஜூன் நடுவில் 4 மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். ப்யூலோ தன் கோரோடு தியோன்-ல-மோன் கிராமத்திலிருந்து 4 மணிக்கே புறப்பட்டார். க்ரூஷி வாந்தாமுக்குக் கொடுத்த நேரம் 6 மணி, ஜெராருக்கு 8 மணி. உண்மையில் கிளம்பியது இன்னும் தாமதமாக. மறுபடியும் ஒரே சாலை.

இடது பக்கத்தைப் பார்க்கவில்லை. ஜாம்ப்ளூவுக்கும் நெப்போலியனுக்கும் நடுவே டைல் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. அகலம் குறைவு, ஆனால் மழையில் பெருகியிருந்தது, கரைகள் சதுப்பு. மூஸ்தியே, ஒத்தினி, லிமால் ஊர்களில் பாலங்கள். பிரஷ்யர்கள் வெலிங்டனிடம் போகிறார்களா என்று தெரிந்துகொள்ள இந்தப் பாலங்களுக்கு இரவோடிரவாக ஒரு ஹுசார் (இலகு குதிரைப்படை) ரெஜிமென்ட் போதும். யாரும் போகவில்லை. பிரஷ்யர்கள் இதைச் சரியாகச் செய்திருந்தார்கள்: அதே நிலப்பகுதியில், மோன்-சேன்-கிபேரில், லெடபூர் என்ற அதிகாரியை ஹுசார்களோடும் கொஞ்சம் காலாட்படையோடும் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள்.

இடைவழிக் காவல்களை ஒழுங்காக நிறுத்தவில்லை. இதன் விலையைப் பாருங்கள். நெப்போலியனின் தங்குமிடமான லெ கய்யூவிலிருந்து வாவ்ர் நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் 18-ஆம் தேதி காலை 10 மணிக்கு எழுதிய கடிதத்தைச் சுமந்த செனோவிச், பாதுகாப்பான வழி தெரியாததால் கத்ர்-ப்ரா, சோம்ப்ரெஃப், ஜாம்ப்ளூ என்று முந்தைய நாள் படை நடந்த பாதையிலேயே சுற்றினார். மொத்தம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். க்ரூஷியை அடைந்தபோது மாலை 4 மணி ஆகிவிட்டது. மூஸ்தியே வழியாகச் சில மைலுக்கு ஒரு காவல் என்று பத்துப் பதினைந்து குதிரை வீரர்களை நிறுத்தியிருந்தால், அதே கடிதம் மூன்று மணி நேரத்துக்குள் கைக்கு வந்திருக்கும்.

இதில் தலைமையகத்தின் பங்கையும் மறைக்கக் கூடாது. பெர்த்தியே தலைமை அலுவலராக இருந்த காலத்தில் முக்கியமான உத்தரவு இரண்டு மூன்று பிரதிகளாக, வேறு வேறு ஆட்களோடு, வேறு வேறு வழிகளில் போகும். சூல்ட் அந்தப் பழக்கத்தைத் தொடரவில்லை. இரவு 10 மணிக் கடிதம் பொழுது விடியும் முன்பே நெப்போலியனிடம் சேர்ந்துவிட்டது. பதில் எழுதியது காலை 10 மணிக்கு. அந்தப் பதிலும் வாவ்ர் பக்கம் போ என்கிறது, எங்களை நெருங்கி வா என்றும் சொல்கிறது. நெப்போலியன் நின்ற இடம் மேற்கே, வாவ்ர் வடக்கே. கூடவே இன்னொரு விஷயம்: கணிசமான பிரஷ்யப் படை ஜாந்தின் வழியாக வாவ்ர் போனது தலைமையகத்துக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தகவல் க்ரூஷிக்குச் சொல்லப்பட்டதே இந்தக் கடிதத்தில்தான்.

வலேன், நண்பகல்

முன்னணி நகர்ந்துகொண்டிருக்க, க்ரூஷி வலேன் கிராமத்தில் நோட்டரி ஒருவர் வீட்டில் கடிதம் எழுதவும் சாப்பிடவும் தங்கினார். அப்போது அவர் தட்டில் ஸ்ட்ராபெர்ரி இருந்தது என்ற செய்தி, வேறெந்த ராணுவ விவரத்தைவிடவும் அதிகம் பரவியது. பிரஷ்யர்கள் லூவேன் சாலைப் பக்கம் கூடுகிறார்கள் என்ற தவறான தகவல் கிடைத்ததும் இங்கேதான். பதினொன்றரை தாண்டியதும் மேற்கே பீரங்கிகள் முழங்கின. ஜெரார் அந்தத் திசையில் போக வேண்டும் என்று வற்புறுத்தினார், எல்லார் முன்னிலையிலும், குரலை உயர்த்தி. பீரங்கிப்படைத் தளபதி பால்த்யூஸ் இந்தச் சேற்றில் பீரங்கிகள் வராது என்றார். பொறியியல் தளபதி வலாஸே தன் ஆட்கள் வழி செய்வார்கள் என்றார். வாவ்ர் போவதே தன் உத்தரவு என்று க்ரூஷி மறுத்துவிட்டார்.

போயிருந்தால்? வலேனிலிருந்து மூஸ்தியே பாலம் வழியாக, வாட்டர்லூ களத்தில் நெப்போலியனின் வலது பக்கத்தில் இருந்த பிளான்செனுவா கிராமம் 22 முதல் 25 கிலோமீட்டர். வேகத்தை ஊகிக்க வேண்டாம். அதே நாளில் அதே மண்ணில் நடந்தவர்களின் கணக்கு இருக்கிறது. ப்யூலோ 4 மணிக்குக் கிளம்பி, வாவ்ர் தெருவில் தீ விபத்தில் மாட்டி, லாஸ்ன் பள்ளத்தாக்கின் சேற்றைக் கடந்து பிளான்செனுவா முன்னால் தாக்கியபோது மாலை 4.30, அவர் நடந்தது 20 கிலோமீட்டர் அளவு. சீட்டனின் பிரஷ்யக் கோர் பியேர்ஜிலிருந்து நண்பகல் வாக்கில் கிளம்பி, 13 கிலோமீட்டரைக் கடந்து சேர்ந்தது சுமார் 7 மணிக்கு. அதாவது மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. க்ரூஷியின் ஆட்களுக்குச் சற்றுத் தாராளமாக மணிக்கு இரண்டு, இரண்டேகால் கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

12 பவுண்டு குண்டு வீசும் பீரங்கி ஒன்று வண்டியோடு சேர்ந்து இரண்டு டன் அளவு எடை. காய்ந்த சாலையிலேயே ஆறு குதிரைகள் இழுக்கும். ஊறிப்போன வயலில் சக்கரம் அச்சுவரை இறங்கினால், குதிரைகளை இரட்டிப்பாக்கி ஆட்களும் தோள் கொடுக்க வேண்டும். நண்பகலில் கிளம்பினால் படையின் தலை இரவு 9 மணிக்கு மேல்தான் சேரும். அதற்குள் நெப்போலியனின் படை சிதறிவிட்டது. நடக்கும்போதே மோன்-சேன்-கிபேரில் காவலையும், வாவ்ர் பக்கமிருந்து தீல்மானையும் பக்கவாட்டில் சந்திக்க வேண்டியிருந்திருக்கும். பின்வரிசையில் நின்ற பிர்ஷின் பிரஷ்யக் கோரில் ஒரு பகுதியைத் திருப்பி நிற்க வைத்திருக்கலாம். அதிகபட்ச லாபம் அவ்வளவுதான்.

அதே கணக்கை விடியற்காலைக்குப் போட்டுப் பாருங்கள். ஜாம்ப்ளூவிலிருந்து மூஸ்தியே பாலம் 16 கிலோமீட்டர் அளவு. 4 மணிக்குக் கிளம்பியிருந்தால் முற்பகல் 11 மணி வாக்கில் முன்னணிக் காலாட்படை டைல் ஆற்றின் மேற்குக் கரையில் நின்றிருக்கும். குதிரைப்படை அதற்கும் வெகு முன்பே. ப்யூலோவின் வரிசை சேன்-லாம்பேர் மேட்டில் ஊர்ந்துகொண்டிருந்த நேரம் அது. 33,000 பேரால் 90,000 பேரை வெல்ல முடியாது. ஆனால் லாஸ்ன் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டிய ஒரு கோர், பக்கத்தில் எதிரி நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு இறங்காது. அன்று நெப்போலியனுக்குத் தேவைப்பட்டது வெற்றிகூட இல்லை, மூன்று நான்கு மணி நேரம்.

வாவ்ர், பிறகு நாமூர்

4 மணிக்கு வாந்தாம் வாவ்ர் பாலத்தில் நேருக்கு நேர் மோதினார். தீல்மானிடம் இருந்தது 17,000-க்குள். பாலங்களும் கல் வீடுகளும் அவருக்குச் சாதகம். ஒவ்வொரு தாக்குதலும் பாலத்தின் வாயிலேயே நொறுங்கியது. ஜெரார் பியேர்ஜ் ஆலை அருகே மார்பில் குண்டு பட்டு விழுந்தார். ப்யூலோ வருகிறார், உடனே வா என்று 1 மணிக்கு எழுதிய கடிதம் இந்தச் சண்டைக்கு நடுவேதான் வந்தது. இருட்டும் நேரத்தில் பஜோலின் ஆட்கள் லிமால் பாலத்தை நோக்கிக் குதிரைகளை முடுக்கி, அங்கிருந்த சிறு காவலை அடித்து விரட்டிக் கடந்தார்கள். காலையிலேயே தேடிப் போயிருந்தால் அந்தப் பாலம் காலையிலேயே கிடைத்திருக்கும்.

19-ஆம் தேதி காலை க்ரூஷி தீல்மானைத் தோற்கடித்தார். சுமார் 10.30-க்கு வாட்டர்லூ செய்தி வந்தது. இங்கிருந்து வேறொரு க்ரூஷியைப் பார்க்கிறோம். பிரஸ்ஸல்ஸ் மேலே பாயலாம் என்ற வாந்தாமின் யோசனையை உடனே தள்ளினார். இரு பக்கமும் எதிரி, 33,000 பேர் முழுதாக மாட்டிக்கொள்ளும் நிலை. எக்செல்மானின் டிராகூன்களை அன்றே நாமூர் பாலங்களைப் பிடிக்க விரட்டினார். காயம்பட்டவர்களையும் பீரங்கிகளையும் முன்னால் அனுப்பினார். 20-ஆம் தேதி நாமூர் வாயில்களில் தெஸ்த் ஏறத்தாழ 2,000 பேரோடு பிர்ஷின் கோரை இரவு வரை தடுத்து நிறுத்தினார்; விட்டுப் போகும்போது விறகும் வைக்கோலும் குவித்துப் பிரான்சு வாயிலுக்குத் தீ வைத்தார். படை தினான், ஜிவே வழியாக ஒழுங்கு குலையாமல் பிரான்சு சேர்ந்தது. அந்த வாரத்தில் பிரான்சிடம் கட்டுக்கோப்போடு எஞ்சியிருந்த பெரும்படை இது ஒன்றுதான். வேவுத் தொடர்பு, முன்கூட்டியே பாலத்தைப் பிடிப்பது, பக்கவாட்டுக் காவல் என்று 17, 18 தேதிகளில் விடுபட்ட எல்லாமே 19, 20 தேதிகளில் சரியாக நடந்தன. அவருக்குத் தெரியாத வேலை எதுவும் அதில் இல்லை. எதிரி எங்கே இருக்கிறான், தான் எங்கே போக வேண்டும் என்ற இரண்டும் தெளிவானதும் அவர் கை நடுங்கவில்லை.

பெயர் கெட்ட விதம்

1815 ஜூலை 24 அரசாணையில் தேடப்படுவோர் பட்டியலில் பெயர் வந்ததும் க்ரூஷி அமெரிக்காவுக்குத் தப்பி, ஃபிலடெல்ஃபியாவில் தங்கினார். அதற்குள் செயின்ட் ஹெலினாத் தீவிலிருந்து நெப்போலியனின் தரப்பு வெளிவரத் தொடங்கிவிட்டது. 17-ஆம் தேதி இரவு 10 மணிக்கு, சேன்-லாம்பேருக்கு 7,000 பேரை அனுப்பச் சொல்லி க்ரூஷிக்கு ஓர் அதிகாரியை அனுப்பியதாக அதில் வருகிறது. அப்படி ஓர் உத்தரவின் பிரதி கிடையாது, கொண்டுபோனவரின் பெயர் கிடையாது. மறுநாள் காலை 10 மணிக்கு சூல்ட் எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உண்மையிலேயே அனுப்பியிருந்தால், அதை நினைவூட்டாமல் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியாது. ஜெராரும் தன் பங்குக்கு வலேன் வாக்குவாதத்தை எழுதி வெளியிட்டார். 1853-இல் விக்தோர் யூகோவின் கவிதை, க்ரூஷியை எதிர்பார்த்த இடத்தில் ப்ளூஷர் வந்த காட்சியைப் பிரெஞ்சு மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் வரியாக்கியது. க்ரூஷி அதற்குள் இறந்துவிட்டார்: 1847 மே 29, செயின்ட்-எத்தியென் நகரில். மார்ஷல் பதவியை 1831-இல் லூயி பிலிப் அரசு திருப்பிக் கொடுத்திருந்தது.

இவ்வளவுக்கும் நடுவே தன் பெயருக்கு அவரே செய்துகொண்ட சேதம் ஒன்று உண்டு. 17-ஆம் தேதி தனக்கு வாய்மொழி உத்தரவு மட்டுமே வந்தது, எழுத்தில் எதுவும் வரவில்லை என்று பல ஆண்டுகள் சாதித்தார். பெர்த்ரான் எழுதிய உத்தரவு 1840களில் அச்சேறியதும் அவருடைய மற்ற வாக்குமூலங்களும் சந்தேகத்துக்கு உள்ளாயின. அவரைக் கிழக்கே ஜாம்ப்ளூவுக்குப் போகச் சொன்னதும், நாமூரையும் மாஸ்ட்ரிக்ட்டையும் பார்க்கச் சொன்னதும் அதே காகிதம்தான். அந்த அளவில் அவருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் பிரஷ்யர்கள் ஆங்கிலேயரோடு சேரக்கூடும் என்ற எச்சரிக்கையும், இடைவழியில் குதிரைப்படையை நிறுத்து என்ற வரியும் அதே காகிதத்தில், அடுத்தடுத்து இருக்கின்றன.